வடவன்னூர் வீட்டுப் பிள்ளை

1953-ல் ‘ஜெனோவா’ என்ற படம் தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்தது. கேரளத்துக் கிறிஸ்தவர்களுக்கு நன்கு பழகிய ஒரு பழைய ஐரோப்பியக் கதை. எஃப்.நாகூர் இயக்கினார். நாயகி பி.எஸ்.சரோஜா, நாயகன் எம்.ஜி.ஆர். மலையாளப் பதிப்பில் எம்.ஜி.ஆர். வாயை அசைத்தார், பேசியது செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எம்.ஜி.ஆரின் அப்பா பெயர் மேலக்கத்து கோபால மேனோன். அம்மா பாலக்காட்டுப் பக்கம் வடவன்னூரைச் சேர்ந்த மருதூர் சத்யபாமா. தாய்மொழி மலையாளம். அவர் நடித்த ஒரே மலையாளப் படத்தில் அவருக்கு இரவல் குரல்!

யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறேழு வயதிலிருந்து அவர் வாயில் புழங்கியது பாய்ஸ் கம்பெனி நாடகத் தமிழ். மேடையில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசப் பழக்கிய தமிழ். முப்பத்தாறு வயதில் ‘ஜெனோவா’வுக்கு வந்தபோது அவர் முழுக்க முழுக்கத் தமிழ் நடிகர். அதே படத்துக்கு இசையமைத்தவர்களில் இன்னொரு பாலக்காட்டுப் பிள்ளையும் இருந்தார். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன். ஜூபிடர் படக் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்த பையனா நமக்கு இசை என்று எம்.ஜி.ஆர். முதலில் தயங்கியதையும், பாட்டைக் கேட்டபின் தேடி வந்து பாராட்டியதையும் விஸ்வநாதன் பிற்காலப் பேட்டிகளில் ரசித்துச் சொல்வார்.

கணவாய்க் காற்றும் மருதூர் வீடும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு டவுன் போகிற ரயில் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாகப் போகும். சித்தூர் தாலுகாவின் இந்தப் பகுதி முழுக்கப் பனையும் வயலும்தான். தெற்கே நெல்லியாம்பதி மலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரைப் புரட்டிப் போடும். கடையில் தமிழில் கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் வரும். கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில்தான் வடவன்னூர்.

1917 ஜனவரி 17-ல் இலங்கையின் கண்டிச் சீமையில் பிறந்த ராமச்சந்திரனுக்கு, இரண்டரை மூன்று வயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர்களில் கடைசிவரை உடன் நின்றவர் அண்ணன் சக்ரபாணி மட்டும்தான். அந்தக் காலத்து நாயர் குடும்பங்களில் மருமக்கத்தாயம் நடைமுறையில் இருந்தது. சொத்து தாய்வழியில்தான் இறங்கும். அப்பாவின் தறவாட்டில் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. ஒரு விதவை, இரண்டு பையன்கள், கையில் காசு இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கும்பகோணம். அங்கே ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

சத்யபாமாவின் வடவன்னூர் வீடு பின்னாளில் அங்கன்வாடியாக இருந்தது. சென்னையின் முன்னாள் மேயர் சைதை துரைசாமி அதைச் செலவு செய்து புதுப்பித்தார். 2019-ல் அது நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். அந்த வீட்டில் வளரவில்லை. ஆனாலும் பாலக்காட்டோடு உறவு அறுந்துபோகவில்லை. அவருடைய முதல் இரண்டு திருமணங்களும் அந்தப் பக்கத்துப் பெண்களோடுதான் நடந்தன. முதல் மனைவி பார்கவி 1942-லும், இரண்டாவது மனைவி சதானந்தவதி 1962-லும் நோயில் இறந்தார்கள். மூன்றாவதாக வந்த வி.என்.ஜானகியும் வைக்கத்துக்காரர்.

அம்மா பெயரை அவர் போகுமிடமெல்லாம் எடுத்துப் போனார். அடையாற்றில் ஸ்டூடியோ வாங்கியபோது அது சத்யா ஸ்டூடியோ. ஆர்.எம்.வீரப்பன் தொடங்கிய பட நிறுவனம் சத்யா மூவீஸ். ‘தாய்க்குப் பின் தாரம்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’ என்று தேவர் பிலிம்ஸ் வரிசையாக வைத்த தலைப்புகளை வியாபாரத் தந்திரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. வியாபாரம்தான். ஆனால் அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே.

பதினொரு வருடக் காத்திருப்பு

பள்ளி நின்றபின் அண்ணனும் தம்பியும் சேர்ந்த நாடகக் குழுவான மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, உடுத்தக் கொடுத்தது, உதையும் கொடுத்தது. பாட்டு, நடனம், கத்திச்சண்டை, வசனம் எல்லாமே பாடம். காளி என்.ரத்தினம் போன்றவர்கள் வாத்தியார்கள். பி.யு.சின்னப்பாவும் அந்தக் கம்பெனியில் இருந்தார். குரல் உடையும் வயது வந்தால் கதாநாயகன் வேஷம் பறிபோகும். அடுத்த கம்பெனி, அடுத்த ஊர், ரங்கூன் வரைக்கும் பயணம். அண்ணனும் தம்பியும் இப்படித்தான் வளர்ந்தார்கள்.

1936-ல் ‘சதி லீலாவதி’. ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் எழுதிய தொடர்கதையின் படம். எம்.கே.ராதா நாயகன். டி.எஸ்.பாலையா, என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஜி.ஆர். மூவருக்கும் இதுவே முதல் படம் என்பது தமிழ் சினிமாவின் அதிர்ஷ்டங்களில் ஒன்று. எம்.ஜி.ஆருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். ஓஹையோ மாநிலத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சலீஸில் சினிமா படித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கேமராவை எங்கே வைப்பது, நாடகத்தனத்தை எப்படி வெட்டுவது என்று தெரியும். ‘இரு சகோதரர்கள்’, ‘மீரா’, 1950-ன் ‘மந்திரி குமாரி’ என்று எம்.ஜி.ஆரின் முதல் பதினைந்து வருடங்களில் டங்கன் அடிக்கடி எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தார். ஹாலிவுட்டிலிருந்து பாடம் படிக்க எம்.ஜி.ஆர். கடல் தாண்டவேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வேஷத்துக்குப் பிறகு நாயகன் ஆவதற்குப் பதினொரு வருடம் ஆனது. இதை இப்போது சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அனுபவித்தவருக்கு அப்படியில்லை. ‘பிரகலாதா’வில் இந்திரன், ‘அசோக்குமா’ரில் தியாகராஜ பாகவதருக்குப் பின்னால் ஒரு துணை வேஷம், ‘மீரா’வில் தளபதி, ‘ஸ்ரீமுருக’னில் சிவதாண்டவம். நடுவே 1940-களின் தொடக்கத்தில் நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கத்தில் ‘சாயா’ என்ற படத்தில் நாயகனாக ஒப்பந்தமாகி, படப்பிடிப்பும் தொடங்கி, படம் கைவிடப்பட்டது. பாட்டு பாடத் தெரிந்தால்தான் நாயகன் என்றிருந்த காலம். இவருக்குப் பாகவதரின் குரலும் இல்லை, சின்னப்பாவின் குரலும் இல்லை.

கதவு திறந்தது கோயம்புத்தூரில். வாளையாறு தாண்டினால் பாலக்காடு, அவ்வளவு பக்கம். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் ‘ராஜகுமாரி’ எடுக்க முடிவு செய்தபோது, பெரிய நட்சத்திரங்களின் பெயர்கள்தான் பேச்சில் இருந்தன. இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமி, சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த எம்.ஜி.ஆரும் கே.மாலதியும் போதும் என்றார். பாதிப் படம் முடிந்ததும் முதலாளிகளுக்குச் சந்தேகம் வந்தது. சாமி அசையவில்லை. வசனத்தில் உதவியவர் மு.கருணாநிதி என்ற இளைஞர். 1947-ல் படம் ஓடியது. எம்.ஜி.ஆருக்கு வயது முப்பது.

அந்தப் படத்தில் ஒரு மல்யுத்தக் காட்சி உண்டு. பெயர்பெற்ற பயில்வானைக் கூப்பிடலாம் என்று கம்பெனி சொல்ல, உள்ளூர் சாண்டோ சின்னப்பா தேவரைப் போடுங்கள் என்று நின்றார் எம்.ஜி.ஆர். தனக்கே இடம் உறுதியில்லாதபோது இன்னொருவனுக்காக வாதாடியிருக்கிறார். அந்தத் தேவர்தான் பின்னாளில் எம்.ஜி.ஆரை வைத்துப் பதினாறு படங்கள் எடுத்தார்.

வாள் வீசத் தெரிந்தவர்

எம்.ஜி.ஆரை நடிகராக எடைபோடும்போது சிவாஜியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அது தப்பான தராசு. அழுகைக் காட்சியில் எம்.ஜி.ஆர். முகத்தைக் கையால் மூடிக்கொள்வார், தூணில் சாய்வார். அதில் பெரிய கலை ஒன்றும் இல்லை. அவரை வைத்துப் பார்க்கவேண்டிய வரிசை டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், எரால் ஃப்ளின் வரிசை. உடம்பால் கதை சொல்கிற நடிகர்கள்.

‘மர்மயோகி’ 1951-ல் வந்தது. கே.ராம்நாத் இயக்கம். ராபின் ஹூட் சாயல் உள்ள கரிகாலனாக எம்.ஜி.ஆர். பேய் வருகிறதென்று தணிக்கைக்குழு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. தமிழில் அந்த எழுத்தைப் பெற்ற முதல் படம் இதுதான். அப்போது டைட்டிலில் அவர் பெயர் எம்.ஜி.ராம்சந்தர். டி.ஆர்.ராமச்சந்திரன் பிரபல நாயகனாக இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று அப்படி. 1954-ன் ‘மலைக்கள்ளன்’ நாமக்கல் கவிஞரின் நாவல், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ தயாரிப்பு. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என்று அது சுற்றி வந்தது. மலையாளத்தில் ‘தஸ்கரவீரன்’ ஆனபோது நாயகன் சத்யன். இந்தியில் ‘ஆசாத்’ ஆனபோது திலீப் குமார். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

இந்தப் படங்களின் சண்டையைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆர். வாளை எடுத்ததும் வெட்டப் போவதில்லை. முதலில் ஒரு சிரிப்பு. எதிராளியின் வாள் தரையில் விழுந்தால் காலால் தட்டி அவனிடமே திருப்பிக் கொடுப்பார். வலது கை களைத்தால் இடது கைக்கு மாற்றுவார். பின்வாங்கும்போதும் முதுகைக் காட்டமாட்டார். பி.எஸ்.வீரப்பாவும் எம்.என்.நம்பியாரும் மூக்கு விடைக்க மூச்சு வாங்குவார்கள், இவருக்குத் தலைமுடி கலைந்திருக்காது. கொட்டகைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற கூலிக்காரருக்கு இதன் அர்த்தம் யாரும் விளக்கவேண்டியதில்லை. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் மாடிப்படியில் நம்பியாரைச் சவுக்கால் விளாசும் காட்சிக்கு 1965-ல் விழுந்த கைதட்டல், அந்தப் படம் தொலைக்காட்சியில் வரும்போது இன்றும் வீடுகளில் விழுகிறது.

திரையில் குடிப்பதில்லை, சிகரெட் பிடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நல்லவனாக நடிப்பது எளிது. முப்பது வருடம் ஒரே நல்லவனாக நடிப்பதற்குக் கணக்குப்பிள்ளையின் பொறுமை வேண்டும்.

அந்தக் கணக்கின் உச்சம் ‘நாடோடி மன்னன்’. 1930-களின் இறுதியில் ‘மாயா மச்சீந்திரா’ படப்பிடிப்புக்காகக் கல்கத்தா போயிருந்தபோது, ரொனால்ட் கோல்மன் நடித்த ‘இஃப் ஐ வேர் கிங்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருக்கிறார். தெருவில் திரிகிற கவிஞன் கொஞ்ச நாள் அதிகாரத்தில் உட்கார்கிற கதை. அதை மனசில் போட்டு வைத்து, இருபது வருடம் கழித்து ‘தி பிரிசனர் ஆஃப் செண்டா’வின் ஆள்மாறாட்டத்தையும் கலந்து, சொத்தை அடமானம் வைத்து, தானே தயாரித்து, தானே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்து 1958 ஆகஸ்ட் 22-ல் வெளியிட்டார். பாதியில் நாயகி பானுமதியோடு பிணக்கு. அவர் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, பி.சரோஜாதேவியை உள்ளே கொண்டுவந்தார், பின்பாதியில் படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியது. மூன்றே முக்கால் மணி நேரப் படம். ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவரே சொல்லிக்கொண்டார். அவருடைய படக் கம்பெனியின் முத்திரையில் ஆணும் பெண்ணும் பிடித்திருந்தது, அவர் சேர்ந்திருந்த கட்சியான தி.மு.க.வின் கொடி.

தொண்டையில் பாய்ந்த குண்டு

1959-ல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தின் நடுவே கால் எலும்பு முறிந்தது. இனி சண்டைக்காட்சி அவ்வளவுதான் என்றார்கள். திரும்பி வந்தார். அது பரவாயில்லை. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு தொண்டையில் பாய்ந்தது. மறுநாள் ‘தாய்க்குத் தலைமகன்’ ரிலீஸ். கழுத்தில் கட்டோடு இருக்கும் புகைப்படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அப்போது நடந்த சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பரங்கிமலைத் தொகுதியில் நின்று, ஒரு கூட்டத்திலும் பேசாமல் ஜெயித்தார்.

குரல் போய்விட்டது. குழறல் வந்துவிட்டது. மேடைப் பயிற்சியில் வளர்ந்த நடிகனுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. வேறொருவர் குரலைப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை இயல்பாகவே எழுந்தது. ‘ஜெனோவா’வில் சம்மதித்தவர், இங்கே மறுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘காவல்கார’னில் பழைய குரலும் புதிய குரலும் மாறி மாறிக் கேட்கும். ஜனம் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தவில்லை என்பதுகூடச் சரியில்லை. குழறலையும் சேர்த்தே சொந்தமாக்கிக்கொண்டது. அவர் நடிப்பு வாழ்க்கையிலேயே துணிச்சலான முடிவு இதுதான் என்று சொல்லலாம்.

எம்.ஜி.ஆர். சுடப்பட்ட அதே ஜனவரியில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு நடிகர் கவர்னராகப் பதவியேற்றார். ரொனால்ட் ரீகன். ஒற்றுமைகள் ஆச்சரியப்படுத்தும். ரீகனின் முதல் படம் 1937, எம்.ஜி.ஆருடையது 1936. இருவரும் நடிகர் சங்கத் தலைவர்களாக இருந்தவர்கள். இருவரும் குண்டடி பட்டுப் பிழைத்தவர்கள். ஆனால் ரீகன் ஹாலிவுட்டில் இரண்டாம் வரிசை. 1954 முதல் 1962 வரை ‘ஜெனரல் எலக்ட்ரிக் தியேட்டர்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை வாரம்தோறும் தொகுத்து வழங்கியதுதான் அவரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. எம்.ஜி.ஆருக்கு அந்த வேலையைச் செய்தது டூரிங் கொட்டகை. ரீகன் நடிப்பை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனார். எம்.ஜி.ஆர். அப்படி விடவே இல்லை. படமும் பிரசாரமும் ஒரே வேலை.

1971-ன் ‘ரிக்‌ஷாக்கார’னுக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து வெளியேற்றம், அண்ணா தி.மு.க. தொடக்கம். 1973 மே 11-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. ஜப்பானின் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி, ஹாங்காங், தாய்லாந்து என்று எடுத்த படம். படம் ரிலீஸ் ஆகாது, அப்படி ஆகிவிட்டால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.காரர் ஒருவர் மதுரையில் சவால் விட்டதெல்லாம் நடந்தது. படம் வெளியான ஒன்பதாவது நாள் திண்டுக்கல் இடைத்தேர்தல். புதுக்கட்சியின் மாயத்தேவர் ஜெயித்தார். எது எதற்கு விளம்பரம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

‘மலையாளி’ என்ற பேச்சு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. கட்சி பிரிந்த பிறகு மேடைக்கு மேடை அது கேட்டது. தமிழக முதல்வரான பின் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் வந்தது. 1979-ல் அணையின் பாதுகாப்பு பற்றிக் கேரளம் அச்சம் எழுப்ப, பலப்படுத்தும் வேலை முடியும்வரை என்று 152 அடியிலிருந்து 136 அடிக்கு நீர்மட்டத்தைக் குறைக்க அவருடைய அரசு ஒப்புக்கொண்டது. தேனி, மதுரை விவசாயிகள் அந்த 136-ஐ இன்னும் மறக்கவில்லை. எதிர்ப்பாளர்கள் பாலக்காட்டுப் பூர்வீகத்தையும் அதோடு முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு அநியாயமானது. முடிவைப் பற்றிய கோபம் வேறு விஷயம்.

அதே அணை இருக்கிற இடுக்கியில், மூணாறு, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்கு அவர் ‘வாத்தியார்’. கேரள உள்ளாட்சித் தேர்தலில் அந்தத் தோட்டப் பகுதிகளில் அவருடைய கட்சியின் இரட்டை இலை போட்டியிட்டதும் ஜெயித்ததும் உண்டு. மலையாளத்தில் இரவல் குரலில் பேசிய நடிகருக்குக் கேரளத்தில் கிடைத்த வாக்கு, தமிழ் வாக்கு.

1977 ஜூன் 30-ல் முதல்வரானார். 130-க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பிறகு, 1978 பொங்கலுக்கு வந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ கடைசி. ஆனால் அவர் கடைசியாக வெள்ளித்திரையில் தோன்றியது அதில் இல்லை.

1984 இறுதியில் அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். பக்கவாதம், சிறுநீரக மாற்று சிகிச்சை. இங்கே சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் சந்தேகம். மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் படம்பிடித்து ஊர் ஊராகக் காட்டினார்கள். வசனம் இல்லை, சண்டை இல்லை. அவர் நின்ற தொகுதி ஆண்டிபட்டி. இடுக்கி மலைக்குக் கிழக்கே, பெரியாற்றுத் தண்ணீரையும் வைகையையும் நம்பியிருக்கிற வறண்ட சீமை. ஓட்டுக் கேட்டு ஒருநாள்கூட அவர் அங்கே போகவில்லை. டிசம்பர் 24-ல் நடந்த வாக்குப்பதிவில் ஜெயித்தார். சரியாக மூன்று வருடம் கழித்து, 1987-ல் அதே டிசம்பர் 24-ம் தேதி காலமானார்.